முட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதும் எழுதாதிருப்பதும்

கோழி முட்டையைப் பற்றி இவ்வளவு நீளமாக ஒரு பதிவு எழுத நேரிடும் என்று நான் கனவிலும் நினைத்தவன் அல்லன். ஆனால் சென்ற வாரம் திருகோணமலை நகரத்துச் சுப்பர்மார்க்கெட் ஒன்றிலே (பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே போகவேண்டும்) குளிரூட்டியின் காற்று சுகமாக வீச, பத்து முட்டை அடங்கிய அழகானதொரு பெட்டியைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதன் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அச்சிட்டிருந்த வாசகங்களை ஆதியோடந்தமாக வாசித்து முடித்தபோது எனக்கு உண்டான எரிச்சலை யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் இராத்திரி நித்திரை வராது என்று தோன்றிவிட்டது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "முட்டை வாங்கப் போன மனுசன் பெட்டியை வாசிச்சுப்போட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறார்" என்று தங்கைக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று.

ஆகவே உங்களிடம் வருகிறேன்.

பெட்டியின் மேலே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. அதன் நடுவே, பட்டாபிஷேகத்துக்குப் புறப்பட்ட ராணியைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சிவப்புப் பேடு. பின்னால் உதயசூரியன். சூரியனைச் சுற்றி விசேஷணங்கள்: இயற்கையானது, பண்ணைப் புதுமை மாறாதது, போஷாக்கு மிக்கது, ஒமேகா செறிந்தது, சைவ உணவு உண்ட கோழிகள் இட்டது. இத்தனையும் சொன்னவர்கள் அந்தப் பேடு அந்த முட்டையை என்றைக்கு இட்டது என்ற ஒரேயொரு சங்கதியை மட்டும் சொல்லவில்லை. காலாவதித் திகதி என்று ஏதோ ஒன்று இருந்தது. அதன்மேல் கடைக்காரர்கள் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மாதம் தெரிந்தது, நாள் சீட்டோடு உரிந்து வந்துவிட்டது.

இந்த விசேஷணங்களில் எதற்கு உயிர் இருக்கிறது, எது வெறும் அலங்காரம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒமேகா என்பதற்கு அர்த்தம் உண்டு. கோழித்தீனோடு ஆளிவிதையையோ மீனெண்ணெயையோ சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கொழுப்பு மஞ்சட்கருவில் வந்து சேர்வது மெய்யே. ஆனால் ஒரு முட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று போடாத ஒமேகாவை நான் நம்புவதில்லை. முட்டைக்கோது சிவப்பாக இருப்பதும் வெள்ளையாக இருப்பதும் கோழியின் ஜாதியைப் பொறுத்த விஷயமேயன்றி ஆரோக்கியத்தைப் பொறுத்ததன்று: வெள்ளை லெகோன் வெள்ளை முட்டை இடும், ரோட் ஐலண்ட் ரெட் தவிட்டு நிறத்தில் இடும், உள்ளே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். மஞ்சட்கரு செம்மஞ்சளாக ஜொலிப்பதைக் கண்டு "அசல் ஊர்க்கோழி!" என்று மகிழ்ந்துபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மஞ்சள் சோளத்தையும் துலுக்கச் செவ்வந்தி இதழ்ச் சாரத்தையும் தீனில் கலந்தால் கூட்டில் அடைபட்ட கோழியும் அதே நிறத்தைத் தரும். ஹோர்மோன் கொடுக்கவில்லை என்று சில பெட்டிகள் பெருமைப்படுகின்றன. அமெரிக்காவில் கோழிக்கு ஹோர்மோன் கொடுப்பது சட்டப்படியே தடை, ஆதலால் அங்கே அந்தப் பெருமை, நான் இன்றைக்கு ஒருவரையும் கொள்ளையடிக்கவில்லை என்று சட்டைப்பையில் எழுதிக்கொண்டு திரிவதற்கே ஒப்பாகும்.

சைவ உணவு உண்ட கோழி என்பதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கோழி சுபாவத்தில் சர்வபட்சணி. எங்கள் அன்புவழிபுரத்து வளவுக்குள் மேயும் ஊர்க்கோழி கறையானையும் கரப்பானையும் மட்டத்தேளையும் என்ன ஆவலோடு கொத்தி விழுங்குகிறது என்பதை ஒருமுறை கண்ணால் கண்டவர்கள் அதைச் சைவப் பிராணி என்று சொல்லத் துணியமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாயிருக்கிற குடும்பம் எங்களுடையது. வாரம் ஏழு நாளும் விரதம் இருக்கும் கோழியின் முட்டையை மற்ற ஆறு நாளில் தின்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

இவ்வளவையும் நான் வட்ஸ்அப்பில் கொட்டித் தீர்த்ததும், லண்டன் ஹரோவில் இருக்கும் மச்சாள் நீட்டிப் பதில் எழுதாமல் ஒரு முட்டையைப் படம்பிடித்து அனுப்பினாள். பெட்டியை அல்ல, முட்டையையே! அதன் கோதின்மேல் சிவப்பு மையில் ஒரு சிறு சிங்கம், ஒரு திகதி, அதன் கீழே ஓர் எண், அதையடுத்து நாட்டின் எழுத்து, அதன்பின் பண்ணையின் அடையாள இலக்கம். "அத்தான், இஞ்ச முட்டைக்கே அடையாள அட்டை இருக்கு" என்று கீழே ஒரு வரி.

அந்த இலக்கத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது சுலபம். ஐரோப்பாவில் முட்டையின் முதல் எண் கோழி வாழ்ந்த விதத்தைச் சொல்கிறது: 0 என்றால் சேதன முறைப் பண்ணை, 1 என்றால் வெளியே உலாவித் திரிந்த கோழி, 2 என்றால் கொட்டகைக்குள் கூடின்றி நடமாடிய கோழி, 3 என்றால் கூண்டுக் கோழி. பெட்டியின் மேலே எவ்வளவு பெரிய புல்வெளியை வரைந்திருந்தாலும் முட்டையில் 3 என்று குத்தியிருந்தால் புல்வெளி அச்சகத்தில் விளைந்தது என்று அறிந்துகொள்ளலாம். திகதி விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே பெட்டியில் போடும் திகதி, முட்டை இட்ட நாளிலிருந்து 28 நாளுக்கு மேற்படக் கூடாது. ஆகவே அதிலிருந்து 28ஐக் கழித்தால் அதற்கு முன் இட்டிருக்க முடியாத நாள் கிடைத்துவிடும். அமெரிக்கப் பெட்டியில் வேறு சாஸ்திரம்: 001 முதல் 365 வரை ஒரு மூன்றிலக்க எண் இருக்கும்; 001 என்றால் ஜனவரி முதலாம் நாள், 365 என்றால் டிசம்பர் 31, அதாவது முட்டையைப் பெட்டியில் அடைத்த நாள். யப்பானிலோ பெட்டியில் உள்ள திகதியே பச்சையாகக் குடிப்பதற்குரிய கெடு. அது கடந்தால் முட்டையை எறியவேண்டியதில்லை, வேகவைத்துச் சாப்பிடவேண்டும்.

இப்படி இலக்கம் குத்துவதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்களானால், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒல்லாந்தில் நடந்ததைச் சொல்லலாம். கோழிப்பேனை ஒழிப்பதற்காகப் பண்ணைகளில் அடித்த மருந்தில் உணவுப் பிராணிகளுக்கு விலக்கப்பட்ட பிப்ரோனில் என்னும் பூச்சிநாசினி கலந்திருந்தது வெளிப்பட்டதும், அந்நாட்டு அதிகாரிகள் பாதிக்கப்பட்ட பண்ணைகளின் இலக்கங்களைப் பட்டியலாக வெளியிட்டார்கள். ஜனங்கள் தத்தம் வீட்டிலுள்ள முட்டையை எடுத்து, இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, எது குப்பைக்கு எது சட்டிக்கு என்று தாமே தீர்மானித்தார்கள். நமக்கு அப்படி ஒரு நிலை வந்தால் ஊரிலுள்ள முட்டை முழுவதையும் சந்தேகிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

சிங்கத்தின் கதை இன்னும் ருசியானது. 1988 டிசம்பரில் பிரித்தானியாவின் இளநிலைச் சுகாதார அமைச்சராயிருந்த எட்வினா கறி என்ற அம்மையார், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியைச் சல்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி பீடித்துவிட்டது என்று தொலைக்காட்சிக்காரரிடம் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை படுத்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் அம்மையாரின் பதவியும் போயிற்று. (பெயரில் கறியை வைத்துக்கொண்டு முட்டையை எதிர்த்தால் வேறென்ன நடக்கும்?) அதன்பின் பேடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, பண்ணைகளை ஒழுங்குபடுத்தி, 1998இல் அந்தச் சிங்க முத்திரையைக் கொண்டுவந்தார்கள். 2017 ஒக்டோபரில்தான் அந்நாட்டு உணவுத்தர முகவரகம், சிங்கம் குத்திய முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூட அரைவேக்காடாக உண்ணலாம் என்று ஆலோசனையை மாற்றியது. ஏறத்தாழ முப்பது வருஷத்து உழைப்பு அந்தச் சின்னஞ்சிறு சிவப்பு முத்திரைக்குப் பின்னால் நிற்கிறது. சிங்கம் நமது நாட்டுக்குப் பரிச்சயமில்லாத பிராணியா என்ன? நாணயத்திலும் கொடியிலும் ஏறியது இன்னும் முட்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மச்சாள் இருக்கும் நாட்டின் முகவரகம் அரைஅவியல் முட்டையைப் பற்றிச் சொல்லும் ஆலோசனையை அன்புவழிபுரத்தில் அப்படியே எடுத்து ஆளமுடியாது. அது அங்கே உள்ள முட்டைக்குச் சொன்னது. இணையத்தில் ஒருவர் முட்டையைக் கழுவு என்கிறார், ஒருவர் கழுவாதே என்கிறார். ஒருவர் குளிர்சாதனப் பெட்டிக்குள் வை என்கிறார், ஒருவர் வெளியே வை என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு முட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முட்டைக்கோது கெட்டியான சுவர் போலத் தோன்றினாலும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உடையது. அந்தத் துளைகளின் மீது, பேடு முட்டையை இடும்போதே மெல்லியதொரு படலத்தைப் பூசி அனுப்புகிறது. ஐரோப்பியர் முதல்தர முட்டையைக் கழுவவே கூடாதென்று விதித்து அந்தப் படலத்தைக் காப்பாற்றுகிறார்கள். அதனால் அங்கே கடையில் முட்டை வெளியிலேயே அடுக்கியிருக்கும். அமெரிக்கரோ வெந்நீரில் கழுவித் தொற்றுநீக்கி விடுகிறார்கள். கழுவியபின் இயற்கையான காவல் போய்விடுவதால் பண்ணையிலிருந்து கடை வரைக்கும் சுமார் 7 பாகை செல்சியசில் குளிராகவே வைத்தாக வேண்டும். இரண்டு முறையும் நியாயமானவை. கழுவிவிட்டு வெக்கையில் வைப்பது மட்டுமே இரண்டு முறையிலும் சேராதது, அதைத்தான் நாம் செய்கிறோம்!

எங்கள் வீட்டுச் சம்பிரதாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்திக் கடையிலிருந்து முட்டை வந்தவுடன், ஒட்டியிருக்கும் எச்சத்தையும் இறகையும் கண்டு அருவருத்து, அத்தனையையும் வாளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைக்காமல் ஒரு கடகத்தில் அடுக்கிக் குசினி மூலையில் வைப்பார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியான வேளையில் முட்டை முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று பாகைச் சூட்டில் வந்து சேரும்; கிணற்றுத் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தது. சூடான முட்டை குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலுள்ள நீரைத் துளைகளின் வழியே உள்ளிழுக்கிறது. கோதின் மேலே கிடந்த எச்சத்துப் பற்றீரியா அந்த நீரோடு கௌரவமாக உள்ளே பிரவேசிக்கிறது. சுத்தம் என்று நினைத்துச் செய்த காரியத்தினால் அசுத்தத்துக்குப் படலையைத் திறந்துவிட்ட கதை. கழுவித்தான் தீரவேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்றே சூடான நீரில், உடைப்பதற்குச் சற்று முன்னர் கழுவலாம். (எங்களுக்கு அதிக தூரமில்லாத கன்னியா வெந்நீரூற்றுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் சொல்லவில்லை. அது தீர்த்தம்.) இப்போது எங்கள் வீட்டில் ஈரமில்லாத துணியால் துடைத்து வைப்பதோடு சரி, அழுக்கு அதிகமான முட்டையைக் கடையிலேயே மாற்றிக் கேட்கிறோம்.

கடை என்றதும் 2023ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அந்நியச் செலாவணி இல்லாமல் கோழித்தீன் தட்டுப்பட்டு, பண்ணைகள் சுருங்கி, முட்டை விலை எகிறிய அந்தக் காலத்தில், மார்ச் மாதம் அரச வர்த்தகப் பொதுக் கூட்டுத்தாபனம் முதற்கட்டமாக 20 இலட்சம் முட்டைகளை இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கியது. (உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம் எங்கள் வாசலில் இருக்க, முட்டை இறங்கியது கொழும்பில்.) ஆரம்பத்தில் அவற்றைப் பேக்கரிகள் முதலானவற்றுக்கே கொடுத்தார்கள், பிற்பாடு அரசின் சதொசக் கடைகளிலும் விற்றார்கள். அந்த முட்டையை விடவேண்டுமா கூடாதா, பரிசோதித்தாயிற்றா, பறவைக்காய்ச்சல் வந்துவிடுமா என்று பத்திரிகைகள் அமளிப்பட்டன. ஏப்ரலிலே பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை முட்டையை நிறுத்து விற்க வேண்டும் என்று விலை குறித்தது: வெள்ளை முட்டை கிலோ 880 ரூபாய், சிவப்பு முட்டை கிலோ 920 ரூபாய். ஐம்பது கிராம் முட்டை என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு இருபது. ஒன்று 44 ரூபாய், சிவப்பு 46 ரூபாய். நிறுத்து விற்பது நியாயமான யோசனை என்றே இன்றைக்கும் நான் சொல்வேன், ஏனென்றால் புறாமுட்டை அளவுக்கு ஒன்றும் வாத்துமுட்டை அளவுக்கு ஒன்றும் ஒரே தட்டில் ஒரே விலைக்குக் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கைக் கடைகளில் ஒருவரும் முட்டையைத் தராசில் வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவ்வளவு அமளியிலும் விலையைப் பற்றி ஆயிரம் பேர் பேசினார்கள். முட்டை இட்ட திகதியைப் பற்றிப் பேசியவர் அபூர்வம். இந்தியக் கரையிலும் இதே நிலைதான் போலும். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லின் முட்டை விலையைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தங்கம் விலைக்குப் பக்கத்தில் நாள்தோறும் பிரசுரிக்கின்றன. வீட்டுக்காரி வாங்கும் முட்டைக்கு வயசென்ன என்பது மட்டும் கடைக்காரருக்கும் கடவுளுக்குமே வெளிச்சம்.

ஆதலால் லேபல் இல்லாத முட்டைக்கு லேபலை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதாகிறது. நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்திக் கடை முதலாளியிடம் முட்டை நல்லதா என்று கேட்பதில் பிரயோசனமில்லை. உலகத்தில் எந்த வியாபாரியும் இல்லை என்று சொன்னதில்லை. "இந்தத் தட்டு எப்ப இறங்கினது?" என்று கேட்கவேண்டும். முதல் தடவை கேட்டபோது அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "மாஸ்டர், முட்டைக்கும் சாதகம் பாக்கிறியளோ?" என்றார். பார்க்கத்தான் வேண்டும் என்றேன். இப்போது நான் படியில் ஏறும்போதே, "புதன்கிழமை வந்தது, மாஸ்டர், மேல்தட்டை விட்டிட்டு கீழ எடுங்கோ, மேல இருக்கிறது பழசு" என்று தாமாகவே சொல்லிவிடுகிறார். வாங்கி வந்த நாளைப் பென்சிலால் ஒரு துண்டில் எழுதி முட்டைத் தட்டில் செருகி வைக்கிறேன். வெயில் விழும் வாசற்படியில் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்குவதில்லை. வெடித்த முட்டையைப் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்றாலும் வேண்டாம். அந்த லாபம் மருந்துக்கடைக்குப் போகும்.

தண்ணீர்ப் பரீட்சை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் முட்டையை விட்டால் புதியது அடியிலே படுத்துக்கிடக்கும். சற்றுப் பழையது மழுங்கிய முனை மேலே தூக்க நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நாளாக ஆகக் கோதின் துளைகளால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி, மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெருத்துக்கொண்டே வருவதுதான் காரணம். மின்வெட்டுக் காலத்தில் வேறு வேலை இல்லாமல், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை மழுங்கிய முனையில் ஒட்டவைத்துப் பார்க்கப் பழகினேன்: இருட்டிலே முட்டை முழுவதும் தீபம் வைத்ததுபோல் செந்நிறமாக ஒளிர, அதன் உச்சியில் நிலாப்பிறை அளவுக்கு ஒரு வெளிறிய அறை தெரியும். புதிய முட்டையில் அந்தப் பிறை மெல்லியது. நாட்பட்டதில் பாதி நிலாவுக்கு வந்துவிடும். பேத்தி இதைக் கண்டுவிட்டு வீட்டிலுள்ள அத்தனை முட்டைக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் ஒன்று. இந்தப் பரீட்சைகள் யாவும் முட்டையின் வயசைச் சொல்லுமேயன்றி அதில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சொல்லமாட்டா. கூழ்முட்டையை மூக்கு கண்டுபிடித்துவிடும். சல்மோனெல்லாவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது கோதின் மேலிருந்தும் வரலாம். நோயுற்ற பேட்டின் சூலகத்திலேயே இருந்து, கோது மூடுவதற்கு முன்னரே உள்ளே குடியேறியும் இருக்கலாம். அடியில் படுத்துக்கிடக்கும் அதிபுதிய முட்டையிலும் அது இருக்க முடியும். முட்டை பழசாகி, உஷ்ணத்தில் கிடந்து, மஞ்சட்கருவின் சவ்வு தளர்ந்ததும் அங்கே அதற்கு விருந்து. தின்றவருக்கு ஆறு மணித்தியாலத்திலும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். அதனால்தான் நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்ட கொத்துரொட்டியைக் குற்றஞ்சாட்டிவிட்டு, முந்தாநாள் குடித்த முட்டையை விடுதலை செய்துவிடுகிறோம். இன்னொன்று, முட்டையை உடைத்த கையைக் கழுவாமல் அதே கையால் வெங்காயச் சம்பலைப் பிசைவது. முட்டையைத் தீ சுத்தி செய்கிறது; சம்பலை யார் சுத்தி செய்வது?

குளிர்சாதனப் பெட்டிக்கு வருவோம். இருப்பவர்கள் வைக்கத்தான் வேண்டும். எங்கள் சூட்டுக்கு அதுவே உத்தமம். கதவில் குழிகுழியாக முட்டைக்கென்றே ஓர் ஆசனம் செய்து வைத்திருக்கிறார்களே, அதை எலுமிச்சம்பழத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வெக்கை அடிப்பது அங்கேதான். உள்தட்டில், கூர்முனை கீழே இருக்க, மூடிய பெட்டியில் வையுங்கள். ஒருமுறை குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்து வைத்து, வியர்க்கவிட்டு, மறுபடி உள்ளே வைக்காதீர்கள். அந்த வியர்வையும் ஈரந்தான், துளைகளும் திறந்தேதான் இருக்கின்றன.

மின்சாரம் போனால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டியபோது எங்கள் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகி நின்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கிய ஞாயிற்றுக்கிழமையையும் மறந்திருக்கமாட்டீர்கள். (வாலில்லாதவர்கள் செய்த மின்வெட்டுக்கு ஒருவரும் பொறுப்பேற்கவில்லை, வாலுள்ளது மாட்டிக்கொண்டது.) சில மணித்தியாலத்துக்குக் கதவைத் திறக்காமலிருந்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. என் அபிப்பிராயம் என்னவென்றால், இந்த ஊரில், இந்த மின்சாரத்தை நம்பி, மலிவாக இருக்கிறதென்று முப்பது முட்டைத் தட்டை மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதைவிட, நாலைந்து நாளைக்குப் போதுமானதை அடிக்கடி வாங்குவதே புத்தி. அவித்த முட்டையை அலட்சியம் செய்யாதீர்கள்: கோதின் படலம் அவியும்போதே போய்விடுகிறது, ஆகவே பச்சை முட்டையைவிட அது சீக்கிரம் கெடும். வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம் என்பார்கள். 32 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் ஒரு மணித்தியாலந்தான். பிள்ளைகளைக் காலையில் நிலாவெளிக்குச் சுற்றுலா கூட்டிப்போய் மத்தியானம் அவித்த முட்டை கொடுப்பவர்கள் இதைச் சற்றே யோசிக்கலாம்.

இனி, வீட்டில் எனக்குத் திட்டு வாங்கித் தந்த விஷயம்.

எங்களில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால், விடிகாலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உச்சியில் துளைத்துக் குடிக்கக் கொடுத்து, அதே கோதில் நல்லெண்ணெயை அளந்து ஊற்றி அதையும் விழுங்கச் செய்வார்கள். பிள்ளை கண்ணை மூடி, மூக்கைப் பொத்தி, தேவர்களையெல்லாம் சாட்சிக்கு அழைத்து விழுங்குவாள். இடுப்பு எலும்பு வலுக்கும் என்பது அம்மம்மாமாரின் சித்தாந்தம். ஊர்க்கோழி அப்போதே இட்ட முட்டை, வளவிலேயே எடுத்தது, அதற்கு என்ன குறை என்று கேட்பார்கள். அந்த அன்பை நான் பழிக்கவில்லை. அந்தக் காலத்து வறுமையில் ஒரு பெண்பிள்ளைக்கென்று நாள்தோறும் முட்டையும் எண்ணெயும் ஒதுக்கி வைத்ததே பெரிய காரியம். ஆனால் ஊர்க்கோழி தடுப்பூசி கண்டதில்லை, குப்பைமேட்டில் மேய்கிறது, அதன் முட்டையில் கிருமி இருக்காது என்பதற்கு எந்த முத்திரையும் இல்லை. போஷாக்குக் கணக்கிலும் பச்சை முட்டை தோற்றுவிடுகிறது. 1998இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, சமைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குச் சுமார் 91 பங்கு உடம்பில் சேர்கிறது. பச்சை முட்டையில் சேர்வது சுமார் 51 பங்குதான். அதாவது ஒரு முட்டையைக் கொடுத்து அரை முட்டையின் பலனைப் பெறுகிறோம். அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் வெண்கருவும் மஞ்சட்கருவும் இறுகும்வரை பொரித்துக் கொடுத்தால் சம்பிரதாயமும் காப்பாற்றப்படும், பிள்ளைக்கும் மூக்கைப் பொத்தவேண்டிய அவசியம் இராது. இதை நான் சொன்னபோது மாமியார், "நாங்களெல்லாம் குடிச்சுப்போட்டு எண்பது வயசிலயும் நிக்கிறம்தானே" என்றார். நிற்கிறவர்கள்தானே பேசமுடியும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பேத்திக்குப் பொரித்த முட்டை என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் எண்ணெயின் அளவை மாமியாரே தீர்மானிப்பார் என்ற நிபந்தனையோடு.

முட்டை அப்பத்தில் நடுவே ததும்பும் மஞ்சளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். கர்ப்பிணிகள், சிறுவர், வயோதிகர், நோயாளிகள் ஆகியோருக்கு மூடியைப் போட்டு நன்றாக இறுகவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்; அப்பக்காரர் முகத்தைச் சுளித்தாலும் கொடுப்பார். கலவையான பதார்த்தமென்றால், உட்புறம் 71 பாகைக்குச் சூடேறினால் பயமில்லை என்பது கணக்கு. குசினியில் வெப்பமானி இல்லாதவர்கள், திரவமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்பதைக் கண்ணால் கண்டால் போதும்.

மிஞ்சியிருப்பது முட்டைக்கோப்பி. மார்கழி மழையில், தடிமன் பிடித்த நேரத்தில், முட்டையைச் சீனியோடு நுரைக்க நுரைக்க அடித்து, கொதிக்கும் கோப்பியை நூலாக ஊற்றிக் கலக்கி, பெரியவர்களுக்கென்றால் பிராண்டியும் ஒரு மூடி சேர்த்துக் குடிக்கும் அந்தப் பானத்தைச் சாஸ்திரத்தின் பெயரால் விலக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பி கொதித்தபடியே இறங்கினாலும், குளிர்ந்த முட்டையையும் கோப்பையையும் தொட்டவுடன் சூடு இறங்கிவிடுகிறது. பிராண்டி கிருமியைக் கொன்றுவிடும் என்பது குடிப்பவர்களின் வாதம், அந்த அளவுக்கு ஊற்றினால் கோப்பியின் பெயரை மாற்றவேண்டி வரும். அடித்த முட்டையும் கோப்பியும் கலந்த பாத்திரத்தை மெல்லிய தணலில் வைத்து, கைவிடாமல் துழாவி, கரண்டியின் முதுகில் படியுமளவுக்குத் தடித்ததும் இறக்குகிறேன். கொஞ்சம் அயர்ந்தால் திரைந்துபோய் முட்டைப்பொரியல் கோப்பி ஆகிவிடும். அதையும் வடிகட்டிக் குடித்திருக்கிறேன், மோசமில்லை. சரியான பதத்துக்கு வந்த செய்முறையை அடுத்த பதிவில் எழுதுகிறேன். பிராண்டியின் அளவு விஷயத்தில் மட்டும் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.